'பாஸ்' என்ற சீட்டை நம்பி ஏமாந்தோம்

பிறந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்த பெற்றோர்கள் இன்றே பழைய கோப்பை எடுத்து, காது பரிசோதனைச் சீட்டைத் தேடுங்கள். 'பாஸ்' என்று இருப்பதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். எந்தப் பரிசோதனையில் பாஸ் என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

எங்கள் மகன் எட்டு வாரம் முன்னதாகவே பிறந்தான். பதினாறு நாள் தீவிர சிகிச்சை. மஞ்சள் காமாலை ஏறி, இரத்தத்தையே மாற்ற வேண்டிவந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு பெண் வந்து காதில் சின்னக் குமிழ் ஒன்றைச் செருகினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பஸ் டிக்கெட் அகலத்தில் ஒரு சீட்டு வெளியே வந்தது. வலது பாஸ், இடது பாஸ். அடியில் பொடி எழுத்தில் 'ஓஏஇ'. அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. பதினாறு நாளுக்குப் பிறகு கேட்ட முதல் நல்ல செய்தி அது.

இன்று எனக்குத் தெரியும். அந்தக் கருவி காதுக்குள் ஒலியை அனுப்பி, உள்காதின் செல்கள் திருப்பித் தரும் மெல்லிய எதிரொலியை அளக்கிறது. அதற்கு அப்பால் நரம்பு அந்த ஒலியை மூளைக்குக் கொண்டுசேர்க்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஏபிஆர், பலரும் 'பெரா' என்று சொல்லும் பரிசோதனை. தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதருகிலும் மின்முனைகளை ஒட்டி எடுப்பார்கள். கடுமையான மஞ்சள் காமாலை கெடுப்பது பெரும்பாலும் இந்த நரம்புப் பாதையைத்தான். ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு ஏபிஆர் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் குழந்தைச் செவித்திறன் கூட்டுக்குழு 2007இலேயே சொல்லிவிட்டது. எங்கள் மகன் இருந்ததோ பதினாறு நாள்.

ஏமாறுவதற்கு அவனும் உதவினான். கதவை அடித்துச் சாத்தினால் சில நாள் திரும்புவான், சில நாள் திரும்பமாட்டான். பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் மாதம் அதே மருத்துவமனையின் மருத்துவரிடம் போனோம். அவன் தலைக்குப் பின்னால் கை தட்டினார். எதிர்ச் சுவரில் அவர் கையின் நிழல் விழுந்தது, மகன் திரும்பினான். "பார்த்தீர்களா? பிறந்தபோதே பாஸ் ஆன குழந்தை. ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்றார். "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று மாமியாரும் சேர்ந்துகொண்டார். நிழலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மருத்துவர் மீது எவ்வளவு கோபமோ, அதில் பாதியாவது என் மீதும் இருக்கிறது.

பத்தொன்பதாம் மாதம் வேறிடம் போனோம். அங்கிருந்த செவித்திறன் நிபுணர் சீட்டைப் பார்த்த உடனே, "பெரா எடுக்கவே இல்லையா?" என்றார். எடுத்தார்கள். அலை எழும்ப வேண்டிய இடத்தில் ஏறக்குறைய நேர்க்கோடு. உள்காது பதில் சொல்கிறது, நரம்பு ஒழுங்காகக் கடத்தவில்லை.

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பதுதான் கணக்கு. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்த குழந்தைகளுக்கு மொழி நன்றாக வளர்ந்திருப்பதை 1998இல் வெளிவந்த கொலராடோ ஆய்வே காட்டியது. நாங்கள் ஓராண்டுக்கு மேல் பிந்திவிட்டோம்.

இன்னொன்று. "சைகை காட்டினால் பேச்சு வராது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதை நம்பி மேலும் இரண்டு மாதம் வீணாக்கினோம். சைகை தொடங்கிய மூன்றாம் வாரம், விளக்கைக் காட்டி அவனே கையை விரித்தான். அவன் சொன்ன முதல் சொல் அதுதான்.

மருத்துவமனைக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். ஒரே வரியில் பதில் வந்தது: எங்கள் பதிவேட்டின்படி தங்கள் குழந்தை பரிசோதனையில் தேர்ச்சி பெற்றுள்ளது.