சமூகப் பங்குச் சந்தை: சிறு அறக்கட்டளையின் பார்வையில்

தேசியப் பங்குச் சந்தையும் மும்பை பங்குச் சந்தையும் தொண்டு அமைப்புகள் நிதி திரட்டுவதற்கெனத் தனிப் பிரிவாக நடத்தும் சமூகப் பங்குச் சந்தையை, மாலைநேரப் பள்ளி நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளையின் கணக்குவழக்கைப் பார்ப்பவன் என்ற முறையில் மதிப்பிடுகிறேன். 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இந்தச் சேவைக்கு, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022இல் விதிகளை வகுத்தது. 2023 டிசம்பரில் பெங்களூருவின் உன்னதி அறக்கட்டளை முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது.

இங்கே விற்கப்படுவது வட்டியும் இல்லாத, அசலும் திரும்பாத ஒரு பத்திரம். அது கொடுப்பவரின் டிமேட் கணக்கில், அதாவது பத்திரங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கில், சேரும். காலம் முடிந்ததும் தீர்ந்துவிடும். நன்கொடைக்கு எதற்குச் சந்தை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால், திரட்டிய பணம் எப்படிச் செலவானது என்று காலாண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் மதிப்பிட்ட அறிக்கையை வெளியிட வேண்டும் என்ற விதிகளைப் படித்தபின், எங்கள் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எல்லா வரவும் ‘பொது நிதி’ என்ற ஒரே தலைப்பில் கிடந்தது. முகமறியாத ஒருவர் எங்களை நம்பிப் பணம் தர அதில் என்ன ஆதாரம் இருக்கிறது?

குறையும் உண்டு. பத்திரம் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கானது. மார்ச் கடைசியில் ஆசிரியைகளின் சம்பளத்துக்கும் கட்டட வாடகைக்கும் கைமாற்று வாங்கி ஓடும் அமைப்புக்குத் தேவைப்படுவதோ எந்தத் திட்டத்திலும் கட்டுப்படாத சேமநிதி. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபின் இந்த நெருக்கடி பல அமைப்புகளுக்கு இன்னும் கூடியிருக்கிறது. அதற்கு இந்தச் சந்தையில் விடை இல்லை. தவிர, பதிவு செய்யவே முந்தைய ஆண்டில் 50 லட்சம் ரூபாய் செலவும் 10 லட்சம் நிதிவரவும் காட்ட வேண்டும்; உதவி மிகவும் தேவைப்படுகிற சிறு அமைப்புகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கொடுப்பவருக்கான குறைந்தபட்சத் தொகையை 2 லட்சத்திலிருந்து முதலில் 10,000 ஆகவும் 2025இல் 1,000 ஆகவும் செபி குறைத்தது மனதார வரவேற்கத்தக்கது. அதே தாராளம் பதிவுத் தகுதியிலும் வர வேண்டும்.

தகுதியுள்ள அமைப்புகள், உடனே நிதி திரட்டாவிட்டாலும், பதிவு செய்துகொள்வது நல்லது. நாங்கள் அந்த வரம்பை எட்டவில்லை. ஆயினும் ஏப்ரல் முதல் ரசீதுகளைத் திட்டவாரியாகப் பிரித்து எழுதி வருகிறோம்.