டமாஸ்கஸ் பில்லட் வாங்கப் போறீங்களா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இத படிச்சுடுங்க

கத்தி செஞ்சு விக்கிறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. புதுசா வர்றவங்களுக்கு, டமாஸ்கஸ் பில்லட்னா ரெண்டு வகை ஸ்டீல அடுக்கடுக்கா வச்சு உலைல அடிச்சு ஒட்டின கட்டி, ஆசிட்ல போட்டா கோடு கோடா டிசைன் தெரியும். விக்கிறவர் பேர நான் போடல, கேக்காதீங்க, அவர் நாளைக்கே வேற பேர்ல கடை விரிப்பார். நான் எந்த இடத்துல ஏமாந்தேன்னு தெரிஞ்சா உங்களுக்குப் போதும்.

நான் உலைல அடிக்கிற ஆள் இல்ல. பட்டைய வாங்கி வெட்டி, பெல்ட் கிரைண்டர்ல தேய்ச்சு, ஹீட் ட்ரீட்மெண்ட் நானே பண்ணி, பிடி போட்டு, உறை தைச்சு குடுக்குறவன். மாசத்துக்கு ரெண்டு மூணு கத்தி, அவ்ளோதான். அதனால டமாஸ்கஸ் கேட்டு ஆர்டர் வந்தா பில்லட்ட வெளிய தான் வாங்கணும். இவர்கிட்ட முதல்ல சின்னதா ஒரு துண்டு சாம்பிளுக்கு வாங்கினேன். 1095, 15N20-ன்னு ரெண்டு வகை ஸ்டீல சேர்த்து அடிச்சது, 300 லேயருக்கு மேலன்னு சொன்னார். சூடு பண்ணி எண்ணெய்ல தோய்ச்சு அரம் வச்சுப் பாத்தேன், அரம் கண்ணாடி மேல வழுக்குற மாதிரி வழுக்குச்சு, அப்படி வழுக்கினா இரும்பு கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம், கடிச்சா சாஃப்ட்டா இருக்குன்னு அர்த்தம். ஆசிட்ல போட்டா கோடு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சுது. சரி நம்பலாம்னு நாலு பெரிய பில்லட்டுக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பிட்டேன். சாம்பிள் நல்லதா குடுத்து நம்ம வாய அடைக்கிறது தான் இதுல முதல் வேலையேன்னு அப்ப தோணல.

ஆர்டர் குடுத்தவர் காட்டுக்குள்ள போய் டெண்ட் போடுற ஆள், விறகு சீவ கத்தி வேணும், டிசைன் அழகா இருக்கணும்னார். முதல் பில்லட்ல அத செஞ்சேன். தோய்ச்சு எடுத்து அரம் வச்சப்ப லேசா கடிச்சுது. இங்க தான் நான் நின்னிருக்கணும். உலைல சூடு ஏறும்போது மேல்தோல்ல கார்பன் எரிஞ்சு போய் ஒரு மெல்லிசான படலம் சாஃப்ட்டா இருக்கும், அது எல்லா கத்திலயும் வர்றது, அத தான் அரம் கடிக்குதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். டெலிவரி தேதி வேற நெருங்கிடுச்சு. 200 டிகிரில ரெண்டு மணி நேரம் வீதம் ரெண்டு தடவ டெம்பர் பண்ணி (சில்லு தெறிக்காம இருக்க திரும்ப லேசா சூடு காட்டுறது), கூர் ஏத்தி, பேப்பர வெட்டினேன், சர்ருன்னு போச்சு. பேப்பர் டெஸ்ட்ட நம்பாதீங்க சாமி. தகரத்துக்குக் கூட கூர் ஏத்தி பேப்பர வெட்டிடலாம், அந்தக் கூர் எத்தன நேரம் நிக்கும்ங்கிறது தான் விஷயம்.

மூணே வாரம். கஸ்டமர் போட்டோ அனுப்பினார், கூர் பக்கத்த லைட்டுக்கு நேரா பிடிச்சு எடுத்தது. நல்ல கூர் மேல வெளிச்சம் பட்டா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியக்கூடாது, இதுல நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையா ஒரு கோடு மின்னுது. கத்தி திரும்பி வந்ததும் நகத்த வச்சு இழுத்துப் பாத்தேன், ஒரு பக்கமா மடங்கி நகம் மாட்டுது. உடையல, சில்லு தெறிக்கல, அப்படியே மடங்கியிருக்கு. சில்லு தெறிச்சா டெம்பர் பத்தலன்னு சொல்லலாம், இப்படி மடங்கினா இரும்பு கெட்டியே ஆகலன்னு தான் முதல் சந்தேகம் வரும்.

விக்கிறவருக்கு போன் போட்டேன். எடுத்த எடுப்புல, "அண்ணே உங்க ஹீட் ட்ரீட்மெண்ட் தான் தப்பு, 1095-க்கு எண்ணெய் ஸ்பீடா இருக்கணும், என் மத்த கஸ்டமர் யாரும் இப்படி சொன்னதே இல்ல". நியாயமா பாத்தா அவர் சொன்னதுல பாதி உண்மை, 1095 அந்த விஷயத்துல அடம் பிடிக்கிற ஸ்டீல் தான், எண்ணெய்ல போட்டு ஒரு செகண்டுக்குள்ள சூடு சரசரன்னு இறங்கலன்னா கெட்டியாகாது. நமக்கும் மனசுல ஒரு பயம் இருக்கும்ல, ஒருவேள நாம தான் சொதப்பிட்டோமோன்னு. அந்த பயத்த வச்சு தான் இவங்க பொழப்பே ஓடுது.

ரெண்டு நாள் யோசிச்சு ஒண்ணு பண்ணேன், நீங்களும் இத பண்ணுங்க, ஆனா கத்தி செய்யுறதுக்கு முன்னாடி பண்ணுங்க. பாக்கி இருந்த பில்லட் மூணுலயும் ஓரத்துல ஒரு விரல் அளவு துண்டு அறுத்தேன். வேற இடத்துல வாங்கி என்கிட்ட கிடந்த, சர்டிபிகேட்டோட வந்த 1095 பட்டைல இருந்தும் அதே தடிமனுக்கு ஒரு துண்டு. நாலையும் ஒரே நேரத்துல அதே உலைல 800 டிகிரிக்கு ஏத்தி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா அதே எண்ணெய்ல தோய்ச்சு, மேல்தோல் பேச்சே வரக்கூடாதுன்னு எல்லாத்தயும் தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டு அரம் வச்சேன், முழுசும் கட் பண்ணாம வீடியோ. 1095 மேல அரம் வழுக்குது. பில்லட் மூணும் வெண்ண மாதிரி, அரத்துல துகள் துகளா ஒட்டுது. தெரிஞ்ச ஒருத்தரோட டூல் ரூம்ல ஹார்ட்னஸ் பாத்தோம், 1095 துண்டு ராக்வெல் அளவுல 64 (நம்பர் கூடினா கெட்டி கூட), பில்லட்ல நல்லதா இருந்ததே 38. அடம் பிடிக்கிற 1095-ஏ என் எண்ணெய்ல கெட்டியாகுதுன்னா அது கலந்த பில்லட் ஏன் ஆகல?

அப்ப டிசைன் எப்படி அவ்ளோ அழகா வந்துச்சுன்னு கேப்பீங்க, நானும் அங்க தான் குழம்பினேன். டிசைன் தெரியுறதுக்கு காரணம் நிக்கல். 15N20-ல ரெண்டு சதவீதம் நிக்கல் இருக்கு, ஆசிட்ல அது வெள்ளையா நிக்கும், பக்கத்து லேயர் கருக்கும். ஆனா கத்தி கெட்டியாகுறதுக்கு கார்பன் வேணும். லேயர் மெலிசா ஆக ஆக, வெல்டிங் சூட்டுல கார்பன் ஒரு லேயர்ல இருந்து இன்னொண்ணுக்கு ஓடி எல்லா இடத்துலயும் சமமாயிடும், நிக்கல் அவ்வளவா நகராது. அதனால 1095-க்கு பதிலா விலை கம்மியான மைல்டு ஸ்டீல போட்டு அடிச்சா கார்பன் மொத்தமா கீழ இறங்கிடும், டிசைன் மட்டும் அச்சு அசலா நிக்கும். இவர் சரியா எந்த இரும்ப போட்டார்னு என்னால சொல்ல முடியாது, லேப்ல குடுத்துப் பாக்கல. 1095 இல்லங்கிறது மட்டும் நிச்சயம். பொதுவா சொல்ற டெஸ்ட் ஒண்ணு இருக்குல்ல, தேய்ச்சுட்டு திரும்ப ஆசிட்ல போடு, டிசைன் திரும்பி வந்தா ஒரிஜினல்னு, அது லேசர்ல மேலால வரஞ்ச டுபாக்கூர கண்டுபிடிக்கத்தான் ஆகும். என்கிட்ட இருந்ததுல டிசைன் நூறு தடவ தேய்ச்சாலும் திரும்பி வரும்.

வீடியோவ அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நாலு நாள் கழிச்சு, "அண்ணே இது டெக்கரேட்டிவ் கிரேடு, லிஸ்டிங்லயே போட்டிருக்கேனே" அப்படின்னு ஒரு மெசேஜ். போய் பாத்தா ஆமா போட்டிருக்கு, நான் வாங்கும்போது அந்த வரி இல்ல. பழைய ஸ்க்ரீன்ஷாட் என்கிட்ட இருந்துச்சு, எடுத்து அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டார். நேரடியா அக்கவுண்டுக்கு அனுப்பின பணம்ங்கிறதால புகார் குடுத்தும் இதுவரைக்கும் ஒண்ணும் நகரல.

கஸ்டமர்கிட்ட நடந்தத ஒளிக்காம சொல்லிட்டேன். பணத்த திருப்பித் தரேன்னேன், வேணாம் வேற செஞ்சு குடுங்கன்னார், சாதா 1084 ஸ்டீல்ல டிசைன் எதுவும் இல்லாம ஒண்ணு செஞ்சு அனுப்பினேன். வெட்டு பிரமாதம், ஆனா பழசு தான் பாக்க நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னார், மனசு கேக்கல.

பாக்கி பில்லட்ல ரெண்ட பிடி ஓரத்துல வைக்கிற போல்ஸ்டருக்குன்னு அறுத்து வச்சிருக்கேன், அதுக்கு கெட்டி ஆகணும்னு அவசியம் இல்ல. மூணாவது டேபிள் மேல தான் கிடக்கு, வர்றவன் போறவன் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு எங்க வாங்கினீங்கன்னு கேக்குறான்.