ஒன்பிளஸ் 13: சிலிக்கான் கலந்த பேட்டரி தருவதும் தராததும்

ஒன்பிளஸ் 13 கைப்பேசியின் கேமரா, திரை, வேகம் ஆகியவற்றைப் பற்றிய மதிப்புரைகள், 2025 ஜனவரியில் அது இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்தே குவிந்து கிடக்கின்றன. அவற்றை இங்கே தொடப் போவதில்லை. 69,999 ரூபாயில் விற்பனையைத் தொடங்கிய இந்தக் கைப்பேசியில் என் அக்கறையெல்லாம் அதன் பேட்டரியின் மீதுதான். அதிலும் குறிப்பாக, ஆனோடில் (சார்ஜ் ஏறும்போது லித்தியம் சென்று தங்கும் மின்முனையில்) கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட்டுடன் சிலிக்கானும் சேர்ந்திருப்பதன் மீது.

முந்தைய ஒன்பிளஸ் 12-இன் கொள்ளளவு 5,400 மில்லி ஆம்பியர் மணி, இதில் 6,000. ஆனால் 9 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்த தடிமன் 9-க்குள் அடங்கிவிட்டது, 220 கிராமாக இருந்த எடையும் சற்றுக் குறைந்திருக்கிறது. காலையில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், மேப், கேமரா, ஹாட்ஸ்பாட் என்று எதிலும் சிக்கனம் பார்க்காமல் பயன்படுத்தினாலும், இரவு வீடு திரும்பும் வரை சார்ஜரைத் தேட வேண்டியிருப்பதில்லை.

இந்த முன்னேற்றத்தின் வேர் ஆனோடில் இருக்கிறது. 1991-இல் சோனி நிறுவனம் முதல் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் ஆனோடு ஒருவகைக் கார்பனால் ஆனது. பின்னர் அந்த இடத்தைக் கிராஃபைட் பிடித்துக்கொண்டு, இன்றுவரை பெரும்பாலும் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறது. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில்தான் கிராஃபைட்டால் இடம் தர முடியும் என்பதால், ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி என்பதே அதன் உச்ச வரம்பு. சிலிக்கானில் அந்த வரம்பு சுமார் 3,600. ஆனால் அவ்வளவு லித்தியத்தையும் உள்வாங்கும் சிலிக்கான் தன் பருமனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக உப்பி, லித்தியம் வெளியேறும்போது மீண்டும் சுருங்குகிறது. கிராஃபைட்டோ பத்து சதவீத அளவுக்கே விரிகிறது. உப்பிச் சுருங்கும் துகள்கள் வெடித்து நொறுங்குவதோடு, அவற்றின் மேல் படிந்திருக்கும் பாதுகாப்புப் படலமும் கிழிந்து, ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிவதற்காக மின்பகுளியையும் (மின்முனைகளுக்கிடையே லித்தியம் பயணிக்கும் திரவத்தையும்) லித்தியத்தையும் தின்றுகொண்டே போகிறது. கொள்ளளவு ஆண்டுகளில் அல்ல, மாதங்களில் சரிந்துவிடும் என்ற அச்சத்தாலேயே சிலிக்கான் நெடுங்காலம் ஆய்வகத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று, நுண்துளைகள் நிறைந்த கார்பனுக்குள், சிலிக்கான் அடங்கிய சிலேன் வாயுவைச் செலுத்தி, அந்தத் துளைகளின் உட்சுவர்களில் சிலிக்கானை நானோ அளவில் படியவைப்பது. துளையில் மிஞ்சும் வெற்றிடம் வீக்கத்தைத் தாங்கிக்கொள்வதால், துகளின் வெளி அளவு பெரிதாக மாறுவதில்லை. கைப்பேசிகளில் சிலிக்கான்-கார்பன் பேட்டரியை 2023-இல் முதலில் கொண்டுவந்தது ஹானர் மேஜிக்5 ப்ரோ. சீனாவில் விற்ற மாடலில் அதன் கொள்ளளவு 5,450 மில்லி ஆம்பியர் மணி.

சிலிக்கானின் கொள்ளளவு கிட்டத்தட்ட பத்து மடங்கு என்றால், கைப்பேசியில் கிடைத்த ஆதாயம் ஏன் வெறும் பதினொரு சதவீதம் என்று கேட்கத் தோன்றும். நூற்றுக்குப் பத்துப் பங்கு சிலிக்கானைக் கலந்தாலே ஆனோடின் கொள்ளளவு, காகிதக் கணக்கில், இரு மடங்கை நெருங்கிவிடும். ஆனால் பேட்டரியின் எடையில் பெரும்பங்கு எதிர்ப்பக்க மின்முனையான கேத்தோடுக்கே உரியது, இடத்திலும் ஆனோடுக்கு ஒரு பகுதிதான்; கேத்தோடும், செம்பு, அலுமினியத் தகடுகளும், இரு மின்முனைகளையும் பிரிக்கும் இடைத்தடுப்பும் அப்படியே இருக்க, ஆனோடு மட்டும் மெலிந்தால் மிச்சமாகும் இடம் இவ்வளவுதான். ஆகவே இதைப் புரட்சி என்று விளம்பரப்படுத்துவது மிகை. நல்ல பொறியியல் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

6,000 என்பது ஒரே கலம் அல்ல, 3,000 கொள்ளளவுள்ள இரண்டு கலங்களின் சேர்க்கை. பெட்டியிலேயே வரும் 100 வாட் சார்ஜரால் முழுமையாக ஏற்ற 36 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. வேகம் கண்ணுக்கு இனியதுதான். ஆயினும் சூட்டில், முன்பு சொன்ன பாதுகாப்புப் படலம் மேலும் விரைவாக வளரும் என்பதால், சென்னையின் மே மாத வெயிலில், காரின் டேஷ்போர்டில் வைத்து இந்த வேகத்தில் ஏற்றுவதை நான் தவிர்ப்பேன். அவசரமில்லாத நாள்களில், 80 சதவீதத்தோடு நிறுத்திவிடும் வசதியை அமைப்புகளில் இயக்கிவைப்பது நல்லது. அப்போது சிலிக்கான் முழு அளவுக்கு உப்புவதில்லை.

என் குறை வேறு. கைப்பேசி நிறுவனங்கள் கொள்ளளவைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. ஆனோடில் சிலிக்கான் எத்தனை சதவீதம், எத்தனை சுழற்சிக்கு (முழுமையாக ஏற்றித் தீர்ப்பது ஒரு சுழற்சி) பிறகு எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் கைப்பேசிகளுக்கு வந்திருக்கும் எரிசக்தி முத்திரையில் பேட்டரியின் சுழற்சி எண்ணிக்கை இடம்பெற்றாக வேண்டும். 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. எழுபதாயிரம் ரூபாய் கொடுக்கும் இந்திய வாடிக்கையாளருக்கும் அந்த எண்ணைக் கேட்கும் உரிமை உண்டு.

இரண்டு மூன்று ஆண்டுகளில் கைப்பேசியை மாற்றிவிடுபவர்கள் பேட்டரியைப் பொறுத்தவரை இதைத் தயங்காமல் வாங்கலாம். ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பவர்கள், பேட்டரியை மாற்ற ஆகும் செலவைச் சேவை மையத்தில் முன்கூட்டியே விசாரித்து, அதையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்வது நலம்.