வால்வு மைக்கின் தரையிணைப்பு: ஒரே கம்பியா, தனித்தனிக் கம்பிகளா?

வீட்டில் கட்டிய வால்வு (வெற்றிடக் குழாய்) மைக்கில் உறுமல் கேட்டால், வால்வை மாற்றுவதற்கு முன், மைக்கையும் மின்வழங்கிப் பெட்டியையும் இணைக்கும் கேபிளில் 0 வோல்ட் இணைப்பு, அதாவது தரை, எப்படிச் செல்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஹீட்டரின் (வால்வைச் சூடாக்கும் இழையின்) மின்னோட்டம் திரும்பும் வழியும் ஒலிச்சுற்றின் தரையும் ஒரே கம்பியைப் பகிரும் முறையில் கட்டுவது எளிது. கேபிளில் ஒரு கம்பி மிச்சமாகும். ஆனால் 12ஏஒய்7 வால்வின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் இழுப்பதால், அக்கம்பியின் மின்தடை 0.1 ஓம் மட்டுமே என்றாலும் அதன் இரு முனைகளுக்கிடையே 30 மில்லி வோல்ட் தோன்றும். ஹீட்டருக்கு நன்கு சீராக்கிய நேர்மின்சாரம் கொடுத்தால் இது பெரும்பாலும் காதில் விழாது. சீராக்கம் குறைந்தால் அதில் எஞ்சும் அலைவு ஒலிச்சுற்றின் தரையையும் அசைக்கும்.

தனித்தனிக் கம்பிகள் மின்வழங்கிப் பெட்டியில் ஒரே புள்ளியில் சந்திக்கும் முறையில் இந்தப் பகிர்வு இல்லை. கூடுதல் கம்பியும் சற்றுப் பொறுமையும் வேண்டும், அவ்வளவே. என் தேர்வு இதுதான்.

மின்னழுத்தத்தை அளக்கும்போது இரு முறைகளுக்கும் கவனம் ஒன்றே. ஹீட்டர் மின்னழுத்தத்தைப் பெட்டியில் அல்ல, வால்வு சாக்கெட்டிலேயே அளக்க வேண்டும். கேப்சூலுக்கு (ஒலியை மின்குறிப்பாக மாற்றும் பகுதிக்கு) 1 கிகா ஓம் மின்தடை வழியாக வரும் 60 வோல்ட்டை 10 மெகா ஓம் உள்மின்தடை கொண்ட மல்டிமீட்டர் ஏறத்தாழ 0.6 வோல்ட் என்றே காட்டும். அது பழுதன்று, மின்தடைக்கு முன்புறம் அளந்தால் சரியான மதிப்புத் தெரியும். உறுமலைக் குறைப்பதற்காக மின்வழங்கிப் பெட்டியின் எர்த் இணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது.