சோறு இறங்காதபோது: ஸ்டென்டா, குழாயா, கதிர்வீச்சா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் பலர் டாக்டரிடம் முதலில் சொல்வது வலியைப் பற்றி அல்ல. "சோறு நெஞ்சுல அடைக்குது, தண்ணி குடிச்சாதான் இறங்குது" என்பார்கள். போகப் போகக் கஞ்சியும் நிற்கும். உடனே வீட்டார் கேட்பது, "ஸ்டென்ட் வெச்சிடலாமா?"

ஆசை நியாயமானதுதான். சுருக்கி வைத்த உலோக வலைக்குழாயை எண்டோஸ்கோபி வழியாக அடைப்புக்குள் விட்டால், தானே விரிந்து வழி கொடுக்கும். ஓரிரு நாளில் குழைந்த சாதம் இறங்கும். ஆனால் நெஞ்சு வலிக்கலாம், ஸ்டென்ட் நகரலாம், கட்டி வளர்ந்து மறுபடி அடைக்கலாம். இரைப்பை வாயருகே வைத்தால் அமிலம் மேலேறும். தலைமாட்டை உயர்த்தித்தான் படுக்க வேண்டும். பரோட்டாவும் கறித்துண்டும் சிக்கினால் இன்னொரு எண்டோஸ்கோபி.

குணமாக்க வழியில்லை, நிம்மதியாக விழுங்க வேண்டும் என்ற கட்டத்தில் ஸ்டென்டுக்குப் போட்டி பிரேக்கிதெரபி, அதாவது உணவுக்குழாய்க்குள்ளிருந்தே கொடுக்கும் கதிர்வீச்சு. நெதர்லாந்தில் 209 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் லான்செட் இதழில் வந்தது. ஸ்டென்ட் சீக்கிரம் வழி திறந்தது. ஒரே தடவை கொடுத்த கதிர்வீச்சின் பலன் மெதுவாக வந்தாலும் நீண்ட நாள் நின்றது, சிக்கலும் குறைவு. சில வாரங்களே மிச்சம் என்றால் ஸ்டென்ட். பல மாதங்கள் எதிர்பார்க்கலாம், வசதியும் இருக்கிறது என்றால் நான் பிரேக்கிதெரபி பற்றிக் கேட்பேன்.

ஆபரேஷனுக்கு வாய்ப்பிருந்தால் கதையே வேறு. அப்போது ஸ்டென்டைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சில வாரத் தேவைக்கு மூக்கு வழியாக உணவு விடும் குழாய் போதும். உறுத்தும், ஆனால் கத்தி வேண்டாம். வயிற்றின் வழியே நேரடியாக இரைப்பைக்குள் வைக்கும் பெக் டியூப் வசதியானதுதான். ஆனால் உணவுக்குழாயை எடுத்தபின் சர்ஜன் பெரும்பாலும் இரைப்பையையே குழாயாக்கி மேலே இழுத்து இணைப்பார். அதில் முன்கூட்டியே ஓட்டை போடப் பலரும் விரும்புவதில்லை. அதனால்தான் சிறுகுடலில் வைக்கும் ஜெஜுனாஸ்டமி என்ற குழாய்.

இதில் வீட்டு வேலை கொஞ்சம் அதிகம். இரைப்பை போலக் குடல் மொத்தமாக வாங்கிக்கொள்ளாது. வேகமாக விட்டால் வயிற்றைப் பிடிக்கும், பேதியாகும். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். கஞ்சி கொடுக்கச் சொல்லியிருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், திப்பி குழாயை அடைத்துவிடும். முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாத்திரையைப் பொடித்து விடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

இரைப்பையின் கீழ்வாசல் அடைத்தால் போட்டி ஸ்டென்டுக்கும், அடைப்பைத் தாண்டி இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனுக்கும். உடல் தாங்கும், 2 மாதத்துக்கு மேல் வாழ்நாள் உண்டு என்றால் பைபாஸ் பக்கம் சாய்வார்கள், இல்லையென்றால் ஸ்டென்ட்.