கிரவுண்ட்ஹாக் வேட்டைக்கு .22ஆ, .17ஆ, .223ஆ?

கிரவுண்ட்ஹாக் அமெரிக்க வயல்களில் வளை தோண்டும் பிராணி; அதைச் சுட எந்த ரைஃபிள் என்பதுதான் கேள்வி. எண்கள் குண்டின் பருமனை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை; எல்.ஆர்., எச்.எம்.ஆர். எல்லாம் தோட்டா ரகத்தின் பெயர்கள். நான் .17 எச்.எம்.ஆர். கட்சி. முதலிலேயே சொல்லிவிட்டால் நடுநிலைக்காரன்போல் நடிக்கிற வேலை மிச்சம். மூன்று கோடைகள் .22 எல்.ஆர்., ஒரு கோடை .223, அப்புறம் ஆறு கோடைகளாக .17. மூன்றையும் என் காசில் வாங்கி, ஒரே பண்ணையில் வைத்துப் பார்த்தவன் என்கிற தகுதி மட்டும்தான் எனக்கு.

இடம் பென்சில்வேனியா. ஹாரிஸ்பர்க்குக்கு மேற்கே, கார்லைல் பக்கம், கம்பர்லாண்ட் பள்ளத்தாக்கில் ஒரு பால்பண்ணை. மக்காச்சோளம், சோயா, குதிரைமசால் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பண்ணைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. மான் சுட அனுமதி கேட்டு வருடத்துக்கு இருபது பேர் வாசலில் வந்து நிற்கிறார்களாம். கிரவுண்ட்ஹாக் சுட வருகிறேன் என்று ஒருத்தனும் வருவதில்லையாம். நான் அதைத்தான் கேட்டேன். அன்றைக்கே சாவி இல்லாத வாயிற்கதவைத் திறந்து காட்டிவிட்டார்.

கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பம்தான். ஆனால் ராமர் கோடு போட்ட நம் ஊர் அணிலை நினைத்துக்கொண்டு வராதீர்கள். வளர்ந்தது நாலைந்து கிலோ இருக்கும். மண்ணுக்கடியில் வளை தோண்டும். பெரிய வாயில் புது மண் குவிந்து கிடக்கும், அது கண்ணுக்குத் தெரியும். ஆபத்து பின்வாசலில்தான். உள்ளிருந்து தோண்டி மேலே வருவதால் அங்கே மண்ணே இருக்காது, புல்லுக்குள் வெறும் ஓட்டை. டிராக்டரின் முன்சக்கரம் இறங்குவதும், மாடு காலை விடுவதும் அதில்தான். ஜூன் மாதத்தில் சோயா வயலின் வேலி ஓரம் போய்ப் பாருங்கள்: வளையிலிருந்து அரைவட்டமாக, நாவிதர் கத்தரித்த மாதிரி, செடிகள் தரையோடு தரையாக இருக்கும். இதே மாநிலத்தில்தான் பங்க்சடானி என்கிற ஊரில் 1887 முதல் வருடாவருடம் பிப்ரவரி 2ஆம் தேதி இதே பிராணியைத் தூக்கிவைத்து, குளிர்காலம் இன்னும் எத்தனை வாரம் என்று கேட்கிறார்கள். எங்கள் பண்ணைக்காரரிடம் அந்த விழாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சரி, துப்பாக்கி.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். .22 எல்.ஆர். தோட்டா மலிவு; .17 அதைவிட மூன்று நாலு மடங்கு; .223இல் இந்த வேட்டைக்கு ஏற்ற ரகம் அதற்கும் மேல். தோளில் உதைப்பது முதல் இரண்டிலும் இல்லை, மூன்றாவதில் கொஞ்சம். மூன்றுமே நூறு கஜத்துக்குள் ஒரு கிரவுண்ட்ஹாக்கைக் கொல்லும், சரியான இடத்தில் பட்டால். இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார்கள். கொல்லுமா என்பது பாதிக் கேள்விதான். குறி தப்பிய குண்டு எங்கே போய் நிற்கும் என்பது மீதி. எனக்கு அதுதான் முழுக் கேள்வி ஆயிற்று.

.22இல் தொடங்கியதற்குக் காரணம், எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ரூகர் 10/22. 1964இலிருந்து விற்கிற ரைஃபிள், இந்த ஊரில் பாதி வீட்டில் ஒன்று இருக்கும். வேட்டைக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பு முடித்து, லைசென்ஸ் எடுத்து, பெருமையாகக் கிளம்பினேன். ஐம்பது கஜத்துக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஸீரோ செய்துவிட்டு, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி திருத்திவிட்டு, நூறு கஜத்தில் சுட்டால் குண்டு ஆறேழு அங்குலம் கீழே இறங்கிவிடும். கிரவுண்ட்ஹாக்கின் தலை மூன்று அங்குலம். ஆக, தூரத்தைப் பத்துப் பதினைந்து கஜம் தப்பாக மதிப்பிட்டால் ஒன்று மண்ணில் படும், அல்லது வயிற்றில் படும். வயிற்றில் பட்டால் அது நேராக வளைக்குள் ஓடிவிடும். உள்ளே எத்தனை நேரம் உயிரோடு கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அப்படி இரண்டு நடந்தது. இரண்டும் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது கோடையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அடியில் சுண்ணாம்புப் பாறை. வயலுக்கு நடுவே அங்கங்கே திமிங்கல முதுகுபோல் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கலப்பை அதைச் சுற்றிக்கொண்டு போகும், அதன்மேல் நாலு மரம், முள்செடி, அடியில் கிரவுண்ட்ஹாக் வளை. அன்றைக்குப் புல் அறுத்து மூன்றாம் நாள். எழுபது கஜம் இருக்கும், வளைவாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சுட்டேன். அதன் தோளுக்குப் பக்கத்தில் பாறையில் வெள்ளையாக ஒரு பொடி தெறித்தது. கூடவே ‘விய்ய்ங்’ என்று, சினிமாவில் வருமே, அதே சத்தம். என் இடது பக்கமாக, மேலே ஏறி, மெலிந்து, நின்றுபோயிற்று. இடது பக்கம்தான் கன்றுக்குட்டிக் கொட்டில். அதற்கு அந்தப் பக்கம் சாலை.

ஒன்றும் ஆகவில்லை. கொட்டிலைச் சுற்றி வந்தேன், கன்றுகளை எண்ணினேன், தகரக் கூரையைப் பார்த்தேன். ஆனாலும் அன்றைக்கு மேற்கொண்டு சுடத் தோன்றவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். .22 எல்.ஆர். குண்டு 40 கிரெயின் ஈயம், கிட்டத்தட்ட இரண்டரை கிராம். கிளம்பும்போது வினாடிக்கு 1,200 அடி, நூறு கஜத்தில் ஆயிரம் அடி அளவுக்கு இறங்கிவிடும். இந்த வேகத்தில் கல்லில் சாய்வாகப் பட்டால் அது உடைவதில்லை. நசுங்கி, திசை மாறி, முழுக்குண்டாகவே பறக்கிறது. காய்ந்த களிமண், தண்ணீர், உறைந்த தரை எல்லாமே அதற்கு எகிறுபலகைதான். முனையில் குழி உள்ள ரகம் வாங்கினால் கொஞ்சம் தேவலை, ஆனால் நூறு கஜத்தில் அந்தக் குழி விரிவதற்குப் போதுமான வேகம் பல நேரம் மிஞ்சியிருக்காது. ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதுவரை அதை நான் படித்ததே இல்லை.

.17 எச்.எம்.ஆர். இந்த இடத்தில்தான் வேறு ஜாதி. 2002இல் ஹார்னடி என்கிற தோட்டாக் கம்பெனி கொண்டுவந்தது. .22 மேக்னத்தின் (.22 எல்.ஆரைவிட நீளமான தோட்டா) பித்தளைக் குப்பியை எடுத்து, கழுத்தை இறுக்கி, அதில் 17 கிரெயின் குண்டைச் செருகினார்கள். 1.1 கிராம், நகைக்கடையில் தருகிற ஒரு கிராம் தங்கக் காசின் எடைதான். கிளம்பும்போது 2,550 அடி. நூறு கஜத்திலும் 1,900. செம்புத் தோல் மிக மெல்லிசு, முனையில் பிளாஸ்டிக். இந்த வேகத்தில் எதில் பட்டாலும், புல்வேர் உள்ள மண்ணாக இருந்தாலும்கூட, பொடியாகிவிடுகிறது. ஆறு கோடைகளில் எத்தனையோ தடவை குறி தப்பியிருக்கிறேன், பாறையிலும் பட்டிருக்கிறது. அந்தச் சத்தம் ஒரே ஒருதரம்தான் கேட்டேன். அதுவும் 180 கஜத்துக்கு ஆசைப்பட்டபோது. அந்தத் தூரத்தில் வேகம் 1,500 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதாவது கிளம்புகிற .22ஐவிடக் கொஞ்சம்தான் கூட. அதனால் “.17 எகிறாது” என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கிட்டத்தில் எகிறுவது அரிது, அவ்வளவுதான்.

ஆகவே எந்த ரைஃபிள் வைத்திருந்தாலும் பின்னால் மண் இருக்க வேண்டும். நான் மேட்டில் உட்கார்ந்து கீழ்நோக்கி மட்டும் சுடுகிறேன். மேட்டு விளிம்பில், பின்னால் ஆகாயம் தெரிய நிமிர்ந்து நிற்கிற கிரவுண்ட்ஹாக் பார்க்க அழகாக இருக்கும், அதைச் சுடக்கூடாது. வளைவாயில் உட்கார்ந்திருப்பதுதான் நல்ல குறி, அது தோண்டிப் போட்ட மண்ணே பின்னால் அணையாக இருக்கிறது. ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்துக்குள் அனுமதி இல்லாமல் சுடக்கூடாது என்று மாநில விதி. என் கணக்கில் அது குறைந்தபட்சம்.

குறி எளிதாகிவிடுவதும் பெரிய விஷயம். .17ஐ நூறு கஜத்துக்கு ஸீரோ செய்தால், கையருகிலிருந்து 125 கஜம் வரை தூரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தலையில் வைத்தால் தலையில் படும். வளைக்குள் ஓடின கணக்கு குறைந்துபோயிற்று. பிணம் வயலிலேயே கிடப்பதும் இங்கே ஒரு சௌகரியம். புல்லோடு சேர்த்துக் கட்டப்பட்ட செத்த பிராணியால் மாடுகளுக்கு பாட்டுலிசம் என்கிற கொடிய நச்சுநோய் வரலாம் என்பது பால்பண்ணைக்காரர்களின் நிரந்தரப் பயம். ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டாக வேண்டும் என்பதுதான் எங்கள் ஆள் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை. (இளசாக இருந்தால் சமைக்கலாம், முன்னங்கால் அடியில் உள்ள சுரப்பிகளை எடுத்துவிட்டு. சமைக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். “அந்தச் சட்டியோட நீங்களும் வெளியவே இருங்க” என்றாள்.)

.17இல் குறை இல்லையா? காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று நூறு கஜத்தில் நாலு அங்குலம் தள்ளும். அதுவரை .22ஐவிட மோசமில்லை. 200 கஜத்தில் ஒன்றேகால் அடிக்கு மேல் தள்ளும், அங்கே நான் போவதே இல்லை. குழல் மிகச் சிறிசு என்பதால் துடைக்கத் தனிக் கம்பி வேண்டும், .22க்கு வாங்கியது நுழையாது. விளிம்பில் அடித்து வெடிக்கிற தோட்டா என்பதால் குப்பியை மறுபடி நிரப்ப முடியாது. 2020, 21இல் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தபோது .22 ஏதோ ஒரு கடையில் கிடைத்தது; .17க்கு மாதக்கணக்கில் காலி அலமாரிதான். அதிலிருந்து வீட்டில் பத்துப் பெட்டிக்குக் குறையாமல் வைத்திருக்கிறேன்.

.223க்கு வருகிறேன். குண்டின் பருமன் .22 போலத்தான், ஆனால் பின்னால் இருக்கிற மருந்து பல மடங்கு. இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. 55 கிரெயின், 3,240 அடி, 250 கஜத்தில்கூட கிரவுண்ட்ஹாக்குக்குத் தான் செத்தது தெரியாது. மெல்லிய தோல் குண்டு போட்டால் எகிறும் பிரச்சினையும் குறைவு, அந்த விஷயத்தில் .17ஐவிட நல்லது என்றுகூட வாதாடலாம். குப்பியை மறுபடி நிரப்பலாம். எனக்கு ஒத்துவராதது சத்தம். காலை ஆறரைக்கு ஒரு தோட்டா வெடித்தால் பள்ளத்தாக்கே எழுந்து உட்காருகிறது. பக்கத்து நிலத்தில் குதிரை வளர்க்கிறவர் முதல் வாரமே பண்ணைக்காரரிடம் வந்துவிட்டார். பண்ணைக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. “அந்தச் சின்னத் துப்பாக்கி என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். அனுமதி என்பது அப்படித்தான் போகும். சண்டையெல்லாம் வராது, ஒருநாள் வாயிற்கதவில் பூட்டுத் தொங்கும். .17 சாட்டையைச் சொடுக்கினாற்போல் ஒரு ‘சடக்’. கால் மைலுக்கு அப்பால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்களுக்கு ஓஹையோ மேற்கிலோ இண்டியானாவிலோ அரை மைலுக்கு வீடே இல்லாத வயல் கிடைத்தால், நான் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே .223தான் சரி என்று நினைக்கிறேன், நான் அங்கே சுட்டதில்லை.

.22 மேக்னம் பற்றிக் கேட்பீர்கள். 1959இலிருந்து இருக்கிறது, .17ஐவிடக் கனமான அடி. நண்பருடையதில் ஒரு பெட்டி மட்டும் சுட்டேன், அந்த ரைஃபிளில் .17 அளவுக்குத் துல்லியம் வரவில்லை, அது ரைஃபிளின் கோளாறாகவும் இருக்கலாம். .22 ஹார்னெட் என்று இன்னொரு தோட்டா, 1930ஆம் வருடத்து ஆள், நிரப்பிக்கொள்ளலாம், சத்தமும் .223 அளவுக்கு இல்லை. கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. தோட்டா நிரப்புகிற பழக்கம் இருந்தால் அதுவே என் தேர்வாக இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் உண்டு.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சி.இசட். 457 மாதிரி குழல் மாற்றக்கூடிய ரைஃபிள் எடுத்தால் .22 எல்.ஆர்., .22 மேக்னம், .17 மூன்றையும் ஒரே கட்டையில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. மலிவான சாவேஜ் போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ரகம்) ஒன்று வாங்கியிருந்தேன், அதுவே இன்னும் ஓடுகிறது. மிச்சக் காசை ஸ்கோப்பில் போட்டேன்.

இன்னொன்று, இது துப்பாக்கி சம்பந்தமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் வளைக்குள் இருக்கும். தாயைச் சுட்டால் அவை உள்ளேயே பட்டினியில் சாகும். நான் ஜூன் நடுவரை, ஒதுக்குப்புற வளைகளை விட்டுவிட்டு, டிராக்டர் போகிற தடத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிறேன். பண்ணைக்காரருக்கு இது புரியவில்லை. புரியாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்.

.223 அலமாரியில் இருக்கிறது, விலை படிந்தால் கொடுத்துவிடுவேன். 10/22ஐ விற்கவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தகர டப்பாக்களைச் சுடுகிறாள். பண்ணையின் பழைய மண்குவியலுக்கு முன்னால் அடுக்கி வைத்துக் கொடுப்பேன். சுடுவதற்கு முன்னால் அந்தக் குவியலில் கல் கிடக்கிறதா என்று ஒருதரம் காலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான்.