ஒன்பது ஆண்டுகளாகச் சட்டைப் பையில் ஒரு பார்க்கர் 51

சாம்பல் நிற உடல், எஃகு மூடி, பாதி அழிந்துபோன ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற பொறிப்பு. இப்படி ஒரு பார்க்கர் 51 பேனா என் கைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. செம்பூரில் குடியிருந்து மும்பை ஃபோர்ட் பகுதியில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் நான், பகலில் ஆங்கிலக் குறிப்புகளையும் இரவில் தமிழ் நாட்குறிப்பையும் இந்த ஒரே பேனாவால் எழுதி வருகிறேன். இதே காலத்தில் வேறு முப்பத்தேழு பழைய பேனாக்களையும் வாங்கினேன். அவற்றில் இன்று மை நிரப்பி எழுதுபவை நான்கு மட்டுமே. மற்றவை ஏன் வாங்கப்பட்டன, ஏன் கையில் நிற்கவில்லை என்பதைச் சொன்னால்தான் இந்த ஒரு பேனாவின் அருமை விளங்கும்.

முதலில் 51. பார்க்கர் நிறுவனம் தன் ஐம்பத்தோராம் ஆண்டான 1939இல் இதை வடிவமைத்து முடித்ததால் அந்த எண்ணையே பெயராக வைத்தது. 1941இல் கடைகளுக்கு வந்தது. விரைவில் உலரும் ஒரு மைக்காகவே இந்தப் பேனா உருவானது. அந்த மை அக்காலப் பேனா உடல்களின் செல்லுலாய்டு பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்பதால் உடலை லூசைட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தார்கள். எழுபது ஆண்டு கடந்தும் என் பேனாவின் உடலில் ஒரு விரிசலும் இல்லாததற்கு அதுவே காரணம். நிப்பின் பெரும்பகுதி ஒரு கூட்டுக்குள் மறைந்திருக்க, நுனி மட்டுமே வெளியே தெரியும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பை முடித்து வந்தாலும், முதல் எழுத்திலேயே மை இறங்குகிறது.

இந்தப் பேனாவின் உண்மையான திறமையை நான் ஹார்பர் லைன் ரயிலில்தான் கண்டேன். காலை எட்டரை மணிக்குச் செம்பூரில் ஏறினால் மஸ்ஜித் வரும்வரை கையை உயர்த்தக்கூட இடம் இருக்காது. நான்கு பக்கமும் மனித உடல்களின் வெப்பம். அந்தச் சூட்டில் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பாதி மை தீர்ந்த பேனாவில் காற்று அதிகம் என்பதால் கசிவும் அதிகம். கண்ணாடிச் சொட்டானால் நிரப்பும் பேனாக்கள் என் சட்டைகள் மூன்றைக் கெடுத்தது இப்படித்தான். 51இன் கூட்டுக்குள் மெல்லிய தகடுகளை அடுக்கியது போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. தள்ளப்படும் மை அந்த இடுக்குகளில் தேங்கி நின்று, சூடு தணிந்ததும் திரும்பிவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளில் சட்டைப் பையில் ஒருமுறைகூடக் கறை பட்டதில்லை. மூடியிலும் திருகு மரை கிடையாது. ஒரு கையால் ரயிலின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறு கையின் விரல்களாலேயே மூடியை இழுத்துவிடலாம்.

இவ்வளவு நல்ல பேனா கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவில் ஒரு தகர டப்பாவுக்குள் பழைய பேனாக்கள் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே காதில் விழும் முதல் வார்த்தை, ‘உள்ளே மை நிற்கும் ரப்பர் பை மட்டும்தான் போயிருக்கிறது, மாற்றினால் எழுதும்’ என்பதுதான். பழைய பேனா ஆசையில் இதைவிடப் பெரிய தூண்டில் எதையும் நான் சந்தித்ததில்லை. எழுநூறு ரூபாய்க்குக் கிடைப்பதை முந்நூறு ரூபாய்ச் செலவில் உயிர்ப்பித்துவிடலாம் என்று மனம் உடனே கணக்குப் போடுகிறது. மை உறைந்து கிடக்கும் நிப்பின் நுனி தேய்ந்திருக்கிறதா, மையை இறக்கும் கட்டை வெடித்திருக்கிறதா, அந்தப் பையை அழுத்தும் எஃகுப் பட்டையை இந்த ஊரின் ஈரம் தின்றிருக்கிறதா என்பவையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகே தெரிகின்றன. இரண்டு ஆண்டு ஏமாந்த பிறகு ஜவேரி பஜாரில் நகை வேலைக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கினேன். நிப்பு தங்கமா என்று பார்ப்பதற்கு முன், நுனியில் பற்றவைத்திருக்கும் கடின உலோக மணி முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மணி தேய்ந்து சாய்ந்திருந்தால், பதினான்கு காரட் நிப்பாக இருந்தாலும் எழுதும்போது தாளைக் கீறும்.

என்னை மிகவும் வருத்திய இழப்பு ஒரு வாட்டர்மேன் 52. 1920களின் பேனா, கறுப்பு எபோனைட் உடலில் அலை அலையாக வரி செதுக்கியிருக்கும், பக்கவாட்டில் மை நிரப்ப ஒரு சிறு நெம்புகோல். எட்டு மாதம் அலுவலகத்துக்கு மதிய உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கியது. உறைந்த மையைக் கரைப்பதற்காக இரவு முழுவதும் ஒரு குவளைத் தண்ணீரில் பேனாவை முழுதாக மூழ்கடித்து வைத்தேன். காலையில் எடுத்தபோது கறுப்பு போய், கடுங்காப்பியில் பால் விட்டது போன்ற ஒரு பழுப்பு நிறம் உடல் முழுவதும் பரவியிருந்தது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்ட அதன் மேற்பரப்பு தண்ணீரில் ஊறினால் நிறம் மாறிவிடும் என்பதை அன்று கற்றேன். நிப்பு இருக்கும் முன்பகுதியை மட்டும், அதுவும் நிப்பு மூழ்கும் அளவுக்கே நீரில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குவளையைக் கண்டால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அதே பேனா எனக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. அதன் நிப்பு வளைந்து கொடுக்கும் வகை. கீழே இழுக்கும்போது அழுத்தினால் இரு கிளைகளும் விரிந்து கோடு பருக்கும், விட்டால் மெலியும். சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் இதன் அழகைப் பார்த்தவர்கள் எந்த விலையும் கொடுக்கத் துணிவார்கள். தமிழ் எழுதினால் நிலைமை வேறு. நம் எழுத்துகளின் சுழிகள் எல்லாத் திசையிலும் திரும்புகின்றன. ‘ஞ’வும் ‘ணை’யும் எழுதும்போது நுனி இடப்பக்கமாகவும் மேல்நோக்கியும் தள்ளப்படுகிறது. விரிந்த கிளை அந்த இடத்தில் தாளின் நாரில் மாட்டி மையைத் தெறிக்கிறது. பருத்த நிப்பாக இருந்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறவர் எந்தப் பழைய பேனாவையும், ‘கண்ணன்’, ‘அஞ்ஞானம்’, ‘இணை’ ஆகிய மூன்று சொற்களைத் தம் இயல்பான வேகத்தில் எழுதிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரர் எழுதிக் காட்டும் வட்டங்களும் எட்டுகளும் நமக்கு எதையும் சொல்வதில்லை. 51இன் மெல்லிய நிப்பு விறைப்பானது. அதில் கோட்டுக்குத் தனி அழகு கிடையாது, ஆனால் எந்தச் சுழியிலும் தடுக்குவதும் கிடையாது.

செல்லுலாய்டின் கவர்ச்சி வேறு வகை. பச்சையும் கறுப்புமாக அடுக்கடுக்காக மின்னும் ஓர் உடலைக் கட்டை விரலால் சற்று அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். அந்தப் பொருளைச் செய்வதே கற்பூரம் கலந்துதான். வெள்ளிக்கிழமை மாலையில் பூஜை அறைக் கதவைத் திறந்தது போன்ற அந்த மணத்துக்காகவே மூன்று பேனாக்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றை மூடிய பெட்டியில் அடைத்து வைக்கக் கூடாது, தீக்கு அருகில் கொண்டுபோகவும் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் பை அழுகும்போது வெளியாகும் ஆவி வெளிர் நிறங்களைக் கருக்கிவிடும்.

1952இல் வந்த ஷீஃபர் ஸ்நார்க்கல் பேனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பின்பக்கத்தைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து ஊசி போன்ற குழல் நீண்டு வந்து, நிப்பு நனையாமலே மையை உறிஞ்சிக்கொள்ளும். இயந்திர நுட்பத்தில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. அந்த நுட்பமே பலவீனமும்கூட. உள்ளே ரப்பர் பையும் காற்றடைப்பு வளையங்களும் ஒருங்கே நல்ல நிலையில் இருந்தால்தான் அது மையை இழுக்கும். என்னுடையதைப் பழுது பார்க்கக் கொடுத்த ஒரு கடையில் உடனே உறையும் பசையைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அதை இனி உடைக்காமல் திறக்க முடியாது.

அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு மாதுங்காவில் பேனாவும் கடிகாரமும் சரி செய்யும் திருநெல்வேலிக்காரப் பெரியவரிடம் போனேன். லென்ஸைக் கண்ணில் வைத்தபடி வெகுநேரம் பார்த்தார். “தம்பி, காஞ்சு போன பேனாவ எழுப்பிரலாம். ஒட்டிப்போட்ட பேனாவ என்ன செய்யச் சொல்லுதிய?” என்றார். “வேற வழியே இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு தம் முறையை எனக்குக் காட்டினார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தீக்குச்சி முனையால் தொட்டுப் பேனாவின் கழுத்து விளிம்பில் தடவி, புது ரப்பர் பையை அதன்மேல் ஏற்றி, வாசனை சேராத வெறும் டால்க் தூளைப் பையின் மேல் தூவினார். முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் எண்ணெய் ரப்பரை இளக்கிவிடும் என்றார். அரக்கு லேசான சூட்டிலேயே விட்டுக்கொடுக்கும் என்பதால், இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் அதே பேனாவைச் சேதமில்லாமல் திறக்க முடியும். வரப்போகும் அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்துச் செய்யப்படும் வேலை என்பதாலேயே எனக்கு அவர்மேல் இவ்வளவு மரியாதை. அன்று முதல் எந்தப் பேனாவையும், அவரிடம் காட்டிய பிறகே வாங்குகிறேன். வாங்கும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது.

மை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மினுமினுப்புத் தூள் சேர்ந்தவையும், வரைபடத்துக்கான இந்தியன் இங்க்கும் பழைய பேனாவுக்குள் போகவே கூடாது. சாதாரண ராயல் புளூ போதும். ஜூலை மாதத்தில் மும்பைத் தாள்கள் ஈரம் ஏறி ஊதிக் கிடக்கும்போது எந்த மையும் சற்று விரியத்தான் செய்யும். மெல்லிய நிப்பு அதையும் தாங்கிக்கொள்கிறது.

என் 51இல் குறைகளும் உண்டு. மூடியின் கிளிப் தளர்ந்து, தடித்த துணியில்தான் நன்றாகப் பிடிக்கிறது. மூடியைப் பற்றும் வளையம் தேய்ந்ததால் முன்போல இறுக்கமாக நிற்பதில்லை. கூட்டைத் திறந்து சுத்தம் செய்வது வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. ஆனால் 1948 முதல் இந்த வகையில் வைத்த மைப் பை ரப்பரால் ஆனதல்ல, பிளாஸ்டிக்கால் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீரை இழுத்து, வெளியேற்றி, நீலம் வராத அளவுக்குக் கழுவிய பின், பால்கனியில் காலை வெயிலுக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இலேசான மஞ்சள் ஏறிய அந்தப் பையின் ஊடாக, எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் கம்பிகள் இன்னும் தெரிகின்றன.